கதவுக்குப் பின்னால் அண்ணி

நாடகக் குழுவில் எல்லோரும் அவளை நோட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். முழு நாடகமும் எழுதிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பார்ப்பவர் கண்ணில் படாமல் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதைச் செய்துவந்தாள். வார நாட்களில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பாள். அங்கேயும் அவள் அதிகம் பேசவேண்டியதில்லை.

அவளுக்குத் திக்குவாய். ப, த, க என்று வாயை அடைத்துத் திறக்கிற எழுத்தில் தொடங்கும் சொல் எதுவும் அவளிடம் சுலபமாக வராது. சின்ன வயதிலிருந்தே வார்த்தையை மாற்றிப் போட்டுச் சமாளிக்கப் பழகியிருந்தாள். பஸ்ஸில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தின் பெயர் வாயில் வராமல், அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி நடந்து திரும்பியதெல்லாம் உண்டு. ஆனால் கிசுகிசுத்தால் மட்டும் திக்காது. ஏன் என்று அவளுக்கும் தெரியாது. முதன்முதலில் தம்பியோடு ஒத்திகை பார்க்கப் போனவள், யாரோ வசனம் மறந்து முழித்தபோது தன்னையறியாமல் அடிக்குரலில் எடுத்துக் கொடுத்தாள். ஒரு நீளமான வசனம் தட்டாமல் தடுக்காமல் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே மேல் சிலிர்த்தது. அன்றிலிருந்து அந்த நாற்காலியை அவள் விடவில்லை.

குழு என்றால் பன்னிரண்டு பேர். எழுதி இயக்குபவர் பல் டாக்டர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், மருந்துக்கடை அக்கா இப்படி. விளக்குகளைப் பார்த்துக்கொள்வது அவள் தம்பி. வேலை முடிந்து, வீட்டில் முகத்தைக்கூடக் கழுவாமல் நூலகத்து மாடிக் கூடத்துக்கு ஓடிவருவார்கள். டாக்டரின் கிளினிக்கில் கழித்துப்போட்ட நாற்காலிகள்தான் மேடையில் வரவேற்பறை, கோர்ட்டு, ரயில் நிலையம் எல்லாம். இரண்டு மாதம் ஒத்திகை பார்த்து ஒரே ஒரு தரம் போடுவார்கள். எதற்காக இந்தப் பாடு என்று வீட்டில் கேட்டால் யாரிடமும் ஒழுங்கான பதில் கிடையாது. டிரைவர் மட்டும், முப்பது வருஷமாகத் தன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்த ஜனங்கள் இப்போது முகத்தைப் பார்க்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்த வருஷ நாடகம் இரண்டு சகோதரர்களைப் பற்றியது. ஒன்பது வருஷம் கழித்துத் தம்பி வீடு திரும்புகிறான். தான் எழுதிய கடிதத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்று கேட்கிறான். அந்தக் கடிதத்தை அண்ணன்தான் ஒளித்து வைத்தான் என்பது கடைசியில் தெரியவரும். அண்ணனாக டிரைவர், தம்பியாக வாத்தியார், தங்கையாக மருந்துக்கடை அக்கா. அண்ணனின் மனைவி உள்ளறையில் நோயில் படுத்திருப்பதாகப் பேச்சு வரும், அவ்வளவுதான். அந்த அண்ணி மேடைக்கே வரமாட்டாள்.

நாடகத்தைப் படித்த அன்றே அவள் ஒரு இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டாள். இருபத்திரண்டாம் பக்கத்தில் தம்பி கேட்கிறான்: “என் கடிதம் வந்துச்சா இல்லையா?” அண்ணன், “வரல” என்கிறான். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அதே கேள்வி, எழுத்து பிசகாமல். அப்போது அண்ணன், “வந்துச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சேன்” என்று உடையவேண்டும். கேள்வி ஒன்றாக இருந்தால் பதில் மாறிப்போக வழியிருக்கிறது, ஒரு சொல்லையாவது மாற்றுங்கள் என்று டாக்டரிடம் எழுதிக் காட்டினாள். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அதே கேள்விக்கு வேறு பதில் வருவதில்தான் நாடகமே இருக்கிறது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இன்னொரு சிக்கல் கதவு. உள்ளறைக்காக நிஜக் கதவு ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்திருந்தார்கள். அதன் கனத்துக்கு மேடையின் ஒரு பக்கத்தில் மட்டுமே நிறுத்த முடிந்தது. அதனால் அவள் நாற்காலியும் அந்தக் கதவுக்குப் பின்னால், டிரைவரின் வலது கைப் பக்கம் போனது. வருஷக்கணக்கில் ஜன்னலோரம் எதிர்வண்டிகளின் ஹாரனைக் கேட்டுக் கேட்டு அவருக்கு வலது காது அநேகமாகக் கேட்காது. இதையும் சொன்னாள். டிரைவர்தான் அவளைச் சமாதானப்படுத்தினார். எட்டு நாடகத்தில் ஒரு வரிகூடத் தான் மறந்ததில்லை, நீ நோட்டை மூடிவைத்துவிட்டு நாடகத்தைப் பாரு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நாடகம். நூற்று நாற்பது நாற்காலியும் நிரம்பிவிட்டன. முதல் பாதி வழுக்கிக்கொண்டு போனது. வாத்தியார் வழக்கம்போல் எழுதியதை எழுதியபடியே ஒப்பித்தார். ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ அவரால் ஆகாது. டிரைவர் நன்றாகவே நடித்தார். இருபத்திரண்டாம் பக்கத்தைத் தாண்டும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாண்டியாயிற்று.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“என் கடிதம் வந்துச்சா இல்லையா?”

டிரைவர் தலை குனிந்தார். அரங்கம் முழுவதும் அவரையே பார்த்தது.

“வரல” என்றார்.

கதவுக்கும் அதை ஒட்டி நின்ற தட்டிக்கும் நடுவே இருந்த இடுக்கில் அவள் வாயை வைத்து, “வந்துச்சு, நான்தான் ஒளிச்சு வெச்சேன்” என்று கிசுகிசுத்தாள். வாத்தியார் காதில் விழுந்தது. அவர் கண் ஒரு கணம் கதவுப் பக்கம் வந்து போனது. ஆனால் அது அவர் வசனம் இல்லையே. “வரல” என்றால் அடுத்து என்ன சொல்லவேண்டும் என்று இரண்டு மாதமாக அவர் மனதில் பதிந்திருக்கிறது. தபால்காரர் மேல் சந்தேகப்படுகிற வசனத்தைத் தொடங்கிவிட்டார். டிரைவர் அதற்குச் சரியான பதில் சொன்னார். இருவரும் இருபத்திரண்டாம் பக்கத்தில் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தின் கடைசியில் அண்ணன் தங்கையிடம் தண்ணீர் கேட்பான், அவள் செம்போடு வருவாள். மருந்துக்கடை அக்காவோ புடவை மாற்றி, கையில் பெட்டியுடன் கடைசிக் காட்சிக்கு நின்றுகொண்டிருந்தாள். போகட்டுமா என்று கண்ணால் கேட்டாள். போனால் பத்தொன்பது பக்கமும் இரண்டாம் தடவை நடக்கும். வேண்டாம் என்று இவள் தலையாட்டினாள்.

“தண்ணி கொண்டு வாம்மா” என்றார் டிரைவர்.

யாரும் வரவில்லை.

இன்னொரு முறை கேட்டார். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். தலை மெதுவாக வலது பக்கம் திரும்பியது. இவள் மறுபடியும் கிசுகிசுத்தாள். அவர் இவள் உதட்டைப் பார்க்க முயல்வது தெரிந்தது, ஆனால் நாலு விரல் இடுக்கில் என்ன தெரியும்? வாத்தியார் எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே பிடியைப் பிடித்தார்.

“என் கடிதம் வந்துச்சா இல்லையா?”

“வரல” என்றார் டிரைவர்.

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. கூடத்தின் கடைசியில் நின்றிருந்த டாக்டரின் கையில் டார்ச் மூன்று தடவை மின்னியது. விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிடு என்று அதற்கு அர்த்தம். நாடகத்தைப் பாதியில் முடித்துக்கொள்வோம் என்று அர்த்தம்.

மேடையின் எதிர்ப்பக்கத்தில், விளக்குச் சுவிட்சுகளுக்கு முன்னால் அவள் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் கை மேலே போய்விட்டது. ஆனால் அழுத்துவதற்கு முன் இடுக்கு வழியே அக்காவைப் பார்த்தான்.

அவள் தலையசைத்து மறுத்தாள்.

மறுத்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. விளக்கு எரிகிறது, இரண்டு ஆண்கள் நடு மேடையில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இனி யாராவது ஏதாவது செய்தாக வேண்டும். டிரைவர் காதுக்கு எட்டவேண்டும் என்றால் உரக்கப் பேசவேண்டும். உரக்கப் பேசினால் நூற்று நாற்பது பேருக்கும் கேட்கும். கேட்டால் அது நாடகத்துக்குள் இருக்கிற யாரோ ஒருவரின் குரலாக இருக்கவேண்டும். உள்ளறையில் படுத்திருப்பவள் ஒருத்திதான் மிச்சம்.

“என்னங்க” என்றாள்.

அது சுலபமாக வந்துவிட்டது. டிரைவர் சட்டென்று திரும்பினார், கேட்டுவிட்டது. கூடம் அமைதியானது. இத்தனை நேரம் பேச்சாக மட்டும் இருந்த அண்ணி திடீரென்று கதவுக்குப் பின்னால் உயிரோடு இருந்தாள்.

“என்னங்க, இன்னும் எத்தனை நாள்...”

அடுத்த சொல் பொய். ‘பொய் சொல்லுவீங்க’ என்று முடிக்கவேண்டும். அவள் உதடுகள் ஒட்டிக்கொண்டன.

வேறு சொல் தேடினாள். மறைப்பீங்க என்று சொல்லலாம். ஆனால் டிரைவருக்கு அது போதாது. தான் சொன்ன பதில்தான் தப்பு என்று அவர் தலையில் இறங்கவேண்டுமானால், பொய் என்கிற சொல்லே காதில் விழவேண்டும். வேறு வழியில்லை. ப் என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி ப். நெஞ்சுக்குள் காற்று இறுகி நின்றது. கழுத்து நரம்பு புடைப்பதை அவளால் உணர முடிந்தது. கதவு நல்ல வேளையாக எல்லாவற்றையும் மறைத்தது, சத்தத்தைத் தவிர.

எதிரே தம்பியின் வாய் திறந்தது. சிறு வயதிலிருந்தே அவள் தடுக்கி நிற்கும் வார்த்தையை அவன்தான் முடித்துவைப்பான். பாசத்தில் செய்வான், அவளுக்கோ அப்படியே அவனை ஒரு அறை விடவேண்டும் போலிருக்கும். இப்போது அவன் உதடு அந்தச் சொல்லின் வடிவத்துக்கு வந்து, அப்படியே மூடிக்கொண்டது.

வாத்தியாராலும் பொறுக்கமுடியவில்லை. ஏதோ சொல்ல ஓரடி முன்னால் வந்தார். டிரைவர் அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு கதவருகே வந்து, இடது காதைப் பலகையோடு வைத்துக்கொண்டு நின்றார்.

“சொல்லும்மா” என்றார். “நான் கேட்டுட்டுதான் இருக்கேன்.”

அது எந்த நோட்டிலும் இல்லாத வசனம்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பிறகு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லைத் தள்ளுவதை விட்டுவிட்டு, அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று காத்திருந்தாள்.

“ப்... பொய் சொல்லுவீங்க?” என்றாள். “த... தம்பி கேக்கறாரு. சொல்லிடுங்க.”

டிரைவர் பலகையில் நெற்றியை வைத்தார். அவர் முதுகு தளர்வதை எல்லோரும் பார்த்தார்கள். திரும்பி வாத்தியாரைப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது. நாடகத்துக்காகவா, பதில் கிடைத்துவிட்ட நிம்மதியாலா, அவருக்கே வெளிச்சம்.

“வந்துச்சு” என்றார். “நான்தான் ஒளிச்சு வெச்சேன்.”

வாத்தியார் தேம்பித் தேம்பி அழுதார். எழுதியிருந்தது என்னவோ ‘கண்ணீர் மல்க’ என்றுதான்.

கடைசிக் காட்சியும் முடிந்து திரை விழுந்ததும் மேடைக்குப் பின்னால் ஒரே குழப்பம். டிரைவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, தான் எத்தனை தடவை சுற்றினேன் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் மூச்சிரைக்க ஓடிவந்து, டார்ச் அடித்தேனே, ஏன் அணைக்கவில்லை என்று தம்பியைப் பிடித்துக்கொண்டார். பார்க்கவில்லை என்று தம்பி கூசாமல் சொன்னான். டாக்டர் அவனை நம்பவில்லை, ஆனால் அதற்குமேல் கேட்கவுமில்லை. வெளியே கைதட்டல் நிற்காததால் எல்லோரும் மறுபடி மேடைக்குப் போனார்கள். அவளையும் கூப்பிட்டார்கள். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கலைந்த பின் படியிறங்கும்போது, ஒரு பெண்மணி மருந்துக்கடை அக்காவை நிறுத்தி, அண்ணியாகப் பேசியது யார், திக்குவதை என்ன தத்ரூபமாகச் செய்தார் என்று விசாரித்தாள். பக்கத்திலேயே நின்றிருந்த இவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மருந்துக்கடை அக்கா பொறுமையாக இருந்தாள்.

“நடிப்பில்லைங்க” என்று இவள் சொன்னாள். “எனக்கு நிஜமாவே தி... திக்கும்.”

அந்தப் பெண்மணி அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் தம்பி, “கஷ்டமா இருந்துச்சுக்கா, வாய மூடிட்டு இருக்கறது” என்றான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

வியாழக்கிழமை குழு மறுபடி கூடியது. பக்கத்து ஊர்த் தொழிற்சாலையில் இன்னொரு தடவை நாடகம் போடக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் இரண்டு கேள்விகளில் ஒன்றை மாற்றி எழுதியிருந்தார். அதைப் பற்றி எதுவும் பேசாமல், புதிதாக எழுதிய ஒரு தாளை அவளிடம் நீட்டினார். அண்ணிக்கு ஐந்து வரி. உள்ளறையிலிருந்து பேசவேண்டியது. டிரைவர்தான் பிடிவாதம் பிடித்துக் கேட்டாராம்.

அவள் படித்துப் பார்த்தாள். வரிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் சொற்களுக்கு நடுவே டாக்டர் வரிசையாகப் புள்ளி வைத்திருந்தார். ‘ப’வுக்கு முன்னால் மூன்று புள்ளி, ‘த’வுக்கு முன்னால் நாலு புள்ளி. எங்கே எவ்வளவு திக்கவேண்டும் என்று கணக்காக.

பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, புள்ளிகளை ஒன்று விடாமல் அடித்தாள். டாக்டரின் முகம் சுருங்கியது. தான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா என்று கேட்டார்.

“வசனம் இருக்கட்டும் டாக்டர். இந்தப் புள்ளியெல்லாம் வேணாம்” என்றாள். “அது வர்றப்போ வரும். வராட்டி வராது.”

இதைச் சொல்லி முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாத்தியார் உட்பட யாரும் இடையில் பேசவில்லை. டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார், தலையாட்டினார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, முதல் காட்சியிலிருந்து தொடங்கலாம் என்றார்.