கையோடு வந்த இலை

கஞ்சாச் செடியின் பூங்கொத்தில் ஓர் இலை மட்டும் பழுத்திருந்தது. இழுத்தேன். பிடிப்பே இல்லாமல் கையோடு வந்தது. உள்ளே பச்சைப் புழு, அதன் எச்சம், சுற்றிலும் சாம்பல் நிறப் பூஞ்சை.

உருகுவேயில் ஒரு வீட்டுக்கு ஆறு கஞ்சாச் செடிகள்தாம் அனுமதி. அவற்றின் பூவைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயால்தான் தம்பி ஃபெர்மினுக்கு வலிப்பு வராமல் இருக்கிறது. பழைய புட்டியில் நான்கு நாளுக்கே மிச்சம்.

அம்மா மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளையோடு வந்தாள். "உயிரியல் படிச்சவளுக்குப் புழுன்னா பயமாடி? நசுக்கிப் போடு."

"புழு மட்டுமில்லம்மா, அழுகல். மழைன்னு பிளாஸ்டிக்கைப் போட்டு மூடினது நான்தான். ஈரம் உள்ளேயே நின்னுடுச்சு."

இரண்டாவது செடியிலும் இலை கையோடு வந்தது. மூன்றாவதிலும்.

"அழுகினத மட்டும் வெட்டிட்டு மிச்சத்தக் காய்ச்சலாமே?"

"அழுகின செடியில பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும்மா. அவனுக்கு எப்படிக் கொடுக்கிறது?"

நான்காவதைத் தொட எனக்குத் தைரியமில்லை. அம்மா குவளையைத் தரையில் வைத்துவிட்டு, தானே ஓர் இலையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மற்ற இரண்டிலும் வரவில்லை.

"கத்திரிய எடு," என்றாள்.

அழுகல் பரவுவதற்குள் அந்த மூன்றையும் பூ முற்றும் முன்பே வெட்டினோம். அடுத்த அறுவடை வரை எண்ணெய் வருமா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.