கோட்டின் உயரம்

தகடுகளைப் பூட்டுவதற்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தபோதுதான் சின்னவள் அந்த நோட்டைத் தடவிப் பார்த்தாள்.

பூட்டுவது என்றால் உண்மையாகவே பூட்டுவதுதான். புது ரூபாய் நோட்டுக்கான அச்சுத் தகடுகள் ஒப்புதலாகிப் பெட்டகத்துக்குள் போய்விட்டால், அப்புறம் அவற்றில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அச்சகம் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளும். இனி பதினைந்து வருடத்துக்கு எல்லாச் சட்டைப் பையிலும் அந்த நோட்டுதான் இருக்கும்.

சின்னவளுக்கு அச்சகத்தின் சோதனைக்கூடத்தில் வேலை. நோட்டின் ஓரத்தில் மேடாக அச்சாகிற கோடுகள் அவள் பொறுப்பு. பத்துக்கு ஒரு கோடு, ஐம்பதுக்கு இரண்டு, நூறுக்கு மூன்று, ஐநூறுக்கு நான்கு. கண் தெரியாதவர்கள் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். கள்ள நோட்டு அடிப்பவனுக்கும் அது தலைவலி. நிறத்தை, படத்தை எல்லாம் அவன் காப்பியடித்துவிடுவான். மையை மேடாக எழுப்புகிற இயந்திரம் அவனிடம் கிடையாது.

கோடுகள் என்ற யோசனையே கண் தெரியாத அவள் அக்காவுடையது. முதலில் வட்டம், முக்கோணம், நட்சத்திரம் என்றுதான் வரைந்து வைத்திருந்தார்கள். அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏண்டி குட்டி, கடையில பின்னாடி நிக்கிறவன் தள்ளுறான், முன்னாடி இருக்கிறவன் 'சீக்கிரம்மா'ங்கிறான். அந்த நேரத்துல நான் நட்சத்திரத்துக்கு எத்தனை முனைன்னு தேடவா? ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண விடு, போதும்."

அப்படியே ஆனது. சண்டையெல்லாம் அந்தக் கோட்டின் உயரத்தைப் பற்றித்தான். பணம் எண்ணும் மெஷின்களைக் கவனிக்கும் இன்ஜினியர், கோடு உயரமாக இருந்தால் நோட்டுக் கட்டு ஒரு பக்கம் வீங்கி மெஷினில் சிக்கும் என்றார். கூட்டத்துக்குக் கூட்டம் "கட்டு, கட்டு" என்றே பேசியதால் அவருக்குக் கட்டு சார் என்று பெயர் விழுந்துவிட்டது. மனிதர் சொன்னதும் பொய்யில்லை. ஆகவே கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மூன்றில் ஒரு பங்கு குறைத்திருந்தார்கள். குறைத்த கோட்டைப் பார்வையற்ற ஆறு பேர் தடவிப் பார்த்து, சராசரி எண்பது மார்க் வந்தால் அதுவே நிற்கும் என்று பேச்சு.

எண்பத்திரண்டு வந்திருந்தது. ஐந்து பேர் தடுமாறினார்கள். அக்கா மட்டும் நூற்றுக்கு நூறு. அவள் பிரெயில் புத்தகங்கள் அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துபவள். அவள் விரலுக்குத் தப்பிய புள்ளி கிடையாது என்று அங்கே சொல்வார்கள். அதனால் யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை.

அன்று மாலை, சோதனை முடிந்த நோட்டுகளைச் சின்னவள் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் தேய்ப்பு உருளையில் சுற்றி எடுத்தவை. செயற்கை வியர்வையும் சிறு மணிகளும் போட்டுச் சுற்றினால் இரண்டு வருடம் கை மாறிய நோட்டு மாதிரி ஆகிவிடும். அடுக்கும்போது ஓர் ஐநூறு அவள் விரலில் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி தடவினாள். கோடே இல்லை. நிறம் இருந்தது, படம் இருந்தது, மேடு மட்டும் இல்லை. மேடு அச்சடிப்பதற்கு முந்தைய தாளில் ஒன்று எப்படியோ கலந்திருக்கிறது. உருளையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரிடம் காட்டினாள்.

"அய்யய்யோ, என் கண்ணுல படலையேம்மா," என்றார் அவர். "யாரும் இதைத் தப்பாச் சொல்லிட்டாங்களா?"

அவள் பட்டியலைப் பார்த்தாள். அந்த நோட்டு அக்காவுக்குப் போயிருந்தது. அக்கா "ஐநூறு" என்று சொல்லியிருந்தாள். சரியான விடை.

ஒன்றுமே இல்லாத நோட்டில் அக்கா நான்கு கோடுகளைப் படித்திருக்கிறாள்.

சின்னவள் சோதனையின் வீடியோவைப் போட்டாள். முதலில் அக்காவின் கைகளையே பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவது முறை ஓடும்போதுதான் தன் கைகளைப் பார்த்தாள். பத்து நோட்டை ஒரு கையால் தள்ளிவிடுகிறாள். ஐம்பதைக் கொஞ்சம் நிதானமாக. நூறை வைத்துவிட்டு ஓரத்தை ஒருமுறை நேராக்குகிறாள். ஐநூறு என்றால் இரண்டு கையாலும் எடுத்து, மூச்சுக்கூட விடாமல், குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைக்கிறாள். மாதக் கடைசியைக் கையைப் பிசைந்துகொண்டு தள்ளிய வீட்டில் வளர்ந்தவள். அது வெறும் சோதனை நோட்டு, கடையில் ஒரு பென்சிலுக்குக்கூட ஆகாது என்பது மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

மற்ற ஐந்து பேருக்கு, நோட்டை வைக்கும் அந்தச் சத்தத்தில் எதுவும் இல்லை. அக்காவுக்கு அவளுடைய மூச்சு வரைக்கும் பாடம்.

நோட்டை வைப்பவருக்கு அது எந்த நோட்டு என்று தெரியவே கூடாது. முதலாம் வருடப் பாடம் அது. சின்னவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. நேராக இயக்குநர் அறைக்குப் போய், "மேடம், தப்பு என்னுது. நான் வெச்ச விதத்துலயே பதில் தெரிஞ்சிருக்கு," என்றாள்.

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு பேருக்குமா?"

"அக்காவுக்கு மட்டும். அவ என்கூடவே இருக்கிறவ."

"அப்ப அவங்களை மட்டும் நாளைக்குக் காலையில திரும்பக் கூப்பிடு. உருளைக்காரர் கண்ணை மூடிக்கிட்டு எடுத்து வைக்கட்டும். நீ சோதனை அறைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நில்லு. நம்மகிட்ட இருக்கிறதுலயே நல்ல விரல் அவங்களுது, நீ வைக்காட்டியும் சொல்லிடுவாங்க. இதுக்குப் போய் ஏன் முகம் இப்படி இருக்கு?"

அங்கே உட்கார்ந்திருந்த கட்டு சார் எழுந்து, "அவங்களை எடுத்துட்டா எண்பதுக்குக் கீழ போயிடும். உயரத்தை ஏத்தணும். அப்புறம் என் மெஷின் கதி அதோகதிதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சின்னவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சத்தமும் காதில் விழுந்திருக்கும், விரலும் படித்திருக்கும். காது முந்திக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

அக்கா சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சிறு வயதிலிருந்தே சர்க்கரை அவளுக்கு. இருபத்திநாலு வயதில் கண்ணைக் கொண்டுபோனது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, பிரெயில் அச்சகச் சம்பளத்தில் தங்கையைப் படிக்கவைத்தவள். அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. யாராவது பேசினால் பேச்சை மாற்றிவிடுவாள்.

"என்னடி, செருப்பைக் கழட்டுறதுலயே சோகம்? கட்டு இன்னைக்கும் கட்டுன்னுதான் சொன்னாரா?"

"ம்."

"அவரு கல்யாணம் கட்டினப்பவும் தாலி எத்தனை மைக்ரான் உயரம்னு கேட்டிருப்பாரோ?"

சின்னவள் சிரிக்கவில்லை. அக்கா தம்ளரை நீட்டினாள். நடுவிரல் நுனியில் கொப்புளம், பெரிதாக, பளபளவென்று. பாத்திரத்தின் விளிம்பு பட்டிருக்க வேண்டும்.

"அக்கா, விரல்ல என்ன இது, கொப்புளம்?"

"எந்த விரல்ல?" என்றாள் அக்கா.

கேட்டுவிட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அக்காவுக்கு உறைத்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். போன மாதம் ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாள். இன்னொன்று எங்கே கழன்றது என்றே தெரியவில்லை என்றாள். அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சின்னவள் இப்போது அதை நினைத்துக்கொண்டு தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு உன்னைத் திரும்பக் கூப்பிடுறாங்க. சோதனைக்கு."

"அதுக்கென்ன. வர்றேன். நீதானே வைப்பே?"

"இல்லக்கா. உருளை அண்ணன் வைக்கிறார். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்."

பால் பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம் நின்றது.

"அவருக்கு நோட்டு வைக்கத் தெரியுமா?" என்றாள் அக்கா.

அது கேள்வியாக இல்லை. குழாயை மூடிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடேன்."

"நீ வரலைன்னா பழைய மார்க்கே நிக்கும். தகடு பூட்டிடுவாங்க."

"நின்னா நிக்கட்டுமே. எண்பதுக்கு மேலதானே இருக்கு."

"அந்த அஞ்சு பேரு தடுமாறினாங்களேக்கா."

அக்கா மேஜை விரிப்பின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு, "எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு குட்டி, பென்ஷனுக்கு," என்றாள். "பிழை பார்க்கிற வேலைக்கு விரலை விட்டா வேற என்ன முதலீடு? சொல்லு."

சின்னவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் அக்கா சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் அதைத் தெரிந்துகொண்டு மேடம் முன்னால் நிற்க வேண்டியவள் இவள். எழுந்து போய் மருந்தை எடுத்து வந்தாள். அக்காவின் விரலைப் பிடித்துக் கொப்புளத்தின் மேல் தடவினாள். எரியும் மருந்து. அக்கா 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று கொஞ்சம் தாமதமாகத் தோன்றியிருக்க வேண்டும், "எரியுதுடி," என்றாள்.

காலையில் அக்கா இஸ்திரி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, கேட்காமலேயே கிளம்பி நின்றாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "சேலை என்ன கலர்ல இருக்கு?" என்று கேட்டாள். "நீலம்," என்றாள் சின்னவள். "நல்லா இருக்கா?" "நல்லா இருக்குக்கா."

சோதனை அறைக்குள் உருளைக்காரர் அக்காவை உட்காரவைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேடம், கட்டு சார், சின்னவள். உள்ளே பேசுவது ஒலிபெருக்கியில் கேட்கும். இங்கிருந்து பேச வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அது சின்னவளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

உருளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, தபால்காரர் போடுகிற மாதிரி மேஜையில் போட்டார்.

அக்கா அதை எடுத்தாள். ஓரத்தைத் தடவினாள். திருப்பித் தடவினாள். கட்டைவிரலை மாற்றி ஆள்காட்டி விரல், அதை மாற்றிச் சுண்டு விரல். நகத்தால் சுரண்டினாள். காதோரம் கொண்டுபோய்ச் சொடுக்கிப் பார்த்தாள். பிறகு தலையைக் கொஞ்சம் திருப்பினாள், யாருடைய மூச்சையோ தேடுகிறவள் மாதிரி. கண்ணாடி தடிமனானது. மூச்சு அங்கே போகாது.

சின்னவள் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அக்கா நோட்டை மெதுவாகத் தூக்கி உதட்டில் வைத்தாள்.

"அம்மா, அம்மா, வாயில வைக்காதீங்க. வேர்வைத் தண்ணில முக்கினது," என்று உருளைக்காரர் பதறினார். அவள் கேட்கவில்லை. கீழ் உதட்டால் நோட்டின் ஓரத்தை ஒருமுறை, இன்னொருமுறை, இழுத்தாள். அதில் தடுமாற்றமே இல்லை. நாளெல்லாம் செய்து பழகிய வேலை மாதிரி இருந்தது. சின்னவளுக்கு அப்போதுதான் பிரெயில் அச்சகத்தில் பிழை திருத்தும் அறையின் கதவு ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக அக்கா அதை உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்கிறாள் என்று அங்கே ஒருவர் குறைப்பட்டிருந்தார்.

"ஐம்பது," என்றாள் அக்கா.

உருளைக்காரர் கண்ணைத் திறந்து பார்த்துத் தலையாட்டினார்.

"சரியாச் சொல்லிட்டாங்களே!" கட்டு சார் பொத்தானை அழுத்தினார். "ரொம்ப சரிம்மா. இப்படியே மத்ததையும் சொல்லிடுங்க, கிளம்பிடலாம்."

"உதட்டால இல்ல படிச்சாங்க?" என்றார் மேடம்.

"எதால படிச்சா என்ன மேடம்? படிக்க முடியுதா, இல்லையா? அதுதானே கேள்வி." அவர் தாளில் ஒரு சரிக் குறி போட்டார். மேடம் சின்னவளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

அவள் வாயைத் திறந்தாள். பொத்தான் அருகில்தான் இருந்தது, மேடமும் அருகில்தான் இருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஐந்து பேருக்கும் கோடு கிடைக்கும், அக்காவின் வேலை போகும். சொல்லாமல் இருந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். சரிதான் என்று தலையாட்டினால்கூடப் போதும்.

அவள் விரல் எப்படியோ பொத்தானில் போய் நின்றிருந்தது. அழுத்தியும் இருந்தாள். அவள் மூச்சு மட்டும் ஒலிபெருக்கி வழியாக அறைக்குள் போனது.

அக்கா நிமிர்ந்தாள். "குட்டி, நீ சும்மா இரு," என்றாள் ஒலிபெருக்கியைப் பார்த்து. பிறகு, "சார், டிக் போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சும்மா."

"அழிச்சிடுங்க."

"ஏம்மா, சரியாத்தானே—"

"பஸ்ல கண்டக்டர் முன்னாடி நின்னுக்கிட்டு நோட்டை நக்கிப் பார்க்கச் சொல்றீங்களா சார்?"

உருளைக்காரர் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அக்கா நோட்டை மேஜையில் வைத்து, ஓரத்தை நேராக்கப் பார்த்தாள். அது மேஜை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. வெறும் மேஜையை நீவிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு முன்னாடி நான் சொன்னது எல்லாத்தையும் அழிச்சிடுங்க. மேடம் இருக்காங்களா அங்க? மேடம், கோட்டை உயரமாவே வைங்க. அந்த அஞ்சு பேருக்கு அது போதும். நீங்க எவ்வளவு உயரமா வெச்சாலும் எனக்குப் பிரயோஜனம் இல்ல. என் விரலுக்கு உணர்ச்சி போயிடுச்சு. பத்துக்குமே. எட்டு மாசம் ஆச்சு."