ஆமென் சொல்ல ஒரு ஆள்

...வருவார்கள், இந்த மழை கொஞ்சம் விட்டதும் வருவார்கள், வராமல் எங்கே போய்விடப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாற்காலிகளைத் துடைக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலிதான், ஆனால் கீழே இருக்கிற டயர்கடையிலிருந்து ஏறி வருகிற கறுப்புத் தூசி ஒரு வாரத்தில் அடை அடையாகப் படிந்துவிடுகிறது, துணி கரித்துணியாகிவிடுகிறது. யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று இப்படித் தேய்க்கிறாய் என்று உள்ளே ஒரு குரல், நீ கொஞ்சம் வாயை மூடு என்று அதற்கு நான். வாரம் முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டு டிக்கெட் கிழிக்கிற எனக்கு காலி வண்டி புதிதில்லை, கடைசி டிரிப்பில் ஒரு ஆள் இல்லாமலும் போயிருக்கிறேன், ஆனால் அங்கே முன்னால் டிரைவர் என்று ஒருத்தர் இருப்பார், இரண்டு விசில் கொடுத்தால் வண்டி நகரும். இங்கே யாருக்கு விசில் கொடுக்க... படிக்கட்டில் என் வீட்டுக்காரர் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார், அவர் கணக்கில் இல்லை, அவர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் இருந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார், நீ போ, நான் தடுக்க மாட்டேன், கொண்டுவந்து விடுறேன், கூட்டிட்டுப் போறேன், உள்ள மட்டும் கூப்பிடாத. டிப்போவில் மெக்கானிக், கண்ணால் பார்த்து கையால் தொட்டால்தான் நம்புவார், எஞ்சினையும் சரி, என்னையும் சரி.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஒருவர் ஜெபம் செய்தால் இன்னொருவர் ஆமென் சொல்ல வேண்டும், சொன்னால்தான் அது ஆராதனை. தனியாக ஒருத்தி எவ்வளவு உருகி அழுதாலும் அது அவள் வீட்டு ஜெபம், அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், இந்த மாடியை எதற்கு அடைத்துக்கொண்டிருக்க வேண்டும்? சபையை ஆரம்பித்த பெரியவர் வைத்த சட்டம், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. போன வாரம் பாஸ்டர் ஐயாவும் கிளம்பிவிட்டார், மூச்சிரைப்பு, இந்தப் படிக்கட்டே ஏற முடியவில்லை, மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். போகும்போது என் கையில் சாவியை வைத்து, அடுத்த ஞாயித்துக்கிழமை ஆமென் சொல்ல ஒரு ஆள் வந்தாலும் நடத்துங்கம்மா, வரலைன்னா ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டு டயர்கடைக்காரர்கிட்ட சாவியக் குடுத்துடுங்க, பாவம், அவரும் ரொம்ப நாளா இடத்துக்குக் காத்திருக்காரு என்றார். அது நியாயம்தான், கடைக்காரரின் அப்பா காலத்தில் வாய்வார்த்தையாகக் கொடுத்த மாடி, இதுவரை ஒரு முகச்சுளிப்பு இல்லை, மழை என்றால் டயரெல்லாம் வாசலில் நனைகிறது, மேலே இந்த அறை சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்துவார். அதற்குள் ஒரு ஆள். ஒரே ஒரு ஆள். நான் என்ன சொன்னேன் அன்றைக்கு? நான் இருக்கேன் ஐயா, யாரு போனாலும் நான் இருப்பேன்! பெரிய வாய்தான் எனக்கு.

யார் வருவார்கள் என்று பார்த்தால், பாட்டு டீச்சருக்கு நேற்றுத்தான் கண் ஆபரேஷன், கட்டோடு படுத்திருக்கிறார். நர்ஸ் பொண்ணுக்கு டியூட்டி. தையல்காரரும் அவர் சம்சாரமும் மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார்கள். இவ்வளவுதான் நாங்கள், முடிந்தது. மற்றவர்கள் எல்லாரும் பெரிய ஆலயத்துக்குப் போய்விட்டார்கள், அங்கே ஏசி, அங்கே மேடை, மேடையில் வண்ண வண்ண விளக்கு, பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, போகாமல் என்ன செய்வார்கள்? ஆனாலும் வயிறு எரிந்தது, ஒவ்வொரு குடும்பமாகப் போனபோதும் எரிந்தது, வழியில் பார்த்தால் எப்படி இருக்கீங்க கண்டக்டரம்மா என்று பல் இளிப்பார்கள், நல்லா இருக்கேன், நாங்க அங்கயேதான் இருக்கோம் என்று அந்த 'அங்கயே'வில் ஒரு அழுத்து அழுத்துவேன். அதில் ஒரு சுகம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. பூமியே கெட்டுப்போய் வெள்ளம் வந்தபோது பேழைக்குள் இருந்தது ஒரே ஒரு குடும்பம்தானே, எட்டே பேர், அதுவும் நோவாவின் சம்சாரத்துக்கும் மருமகள்களுக்கும் பேர்கூட எழுதி வைக்கவில்லை, அத்தனை மிருகத்துக்கும் சாணி அள்ளினது அவர்களாகத்தான் இருக்கும், அந்த மருமகள்களில் ஒருத்தி நான் என்று ஒரு நினைப்பு.

மழை வலுக்கிறது. ஜன்னல் ஓரம் ஒழுகுகிறது, வாளியைக் கொண்டுபோய் வைக்கிறேன். தெருவில் குடை ஒன்று வருகிறது... இந்தப் பக்கம் திரும்பு, திரும்பு... இல்லை, நேராகப் போகிறது. இப்போது எலியா தீர்க்கதரிசி ஞாபகத்துக்கு வருகிறார், சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவர், அப்புறம் மலை ஏறிப்போய் நான் ஒருத்தன்தான் மிச்சம் என்று ஆண்டவரிடமே முறையிட்டவர். எனக்கு எப்போதும் அந்த இடத்தில் சிரிப்பு வரும். ஐயா, மறந்துபோச்சா? அரண்மனை அதிகாரி ஒபதியா உங்களை வழியில் பார்த்து, தீர்க்கதரிசிகளைக் குகையில் ஒளித்து வைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்தேனே, உங்களுக்குத் தெரியாதா என்று நேருக்கு நேர் சொன்னாரே! ராணி கொல்லத் தேடிக்கொண்டிருக்கிறாள், அவள் வீட்டுச் சமையல்கட்டு வழியாகவே அப்பம் போயிருக்கும், அந்த மனுஷனுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமா? குகைக்குள்ளே அத்தனை பேர் உயிரோடு. அதைக் காதால் கேட்டுவிட்டும் நான் ஒருத்தன்தான் என்கிறார். ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை, எனக்கு இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். ஏழாயிரத்தில் ஒருவர் முகம்கூட எலியாவுக்குத் தெரியாது. ஏன் தெரியவில்லை, மலைமேல் ஏறிவிட்டால் கீழே தெரியாதோ?

எப்படித்தான் தப்பி வந்தது இந்த விசுவாசம், இத்தனை காலம்? அடிமைத்தனம், சிறையிருப்பு, ஆலயம் எரிந்தது, ஊரே காலி. எரேமியா தீர்க்கதரிசியைச் சேற்றுக் குழியில் இறக்கிவிட்டார்கள், சொந்த ஜனமே இறக்கிவிட்டது, தூக்கிவிட்டது யாரென்றால் எங்கேயோ வேறு தேசத்து ஆள், அரண்மனை வேலைக்காரன், அவனுக்கு இந்தச் சாமியோடு என்ன பாத்தியதை? அவன் கயிறு மட்டும் இறக்கவில்லை, கயிறு அறுக்காமல் இருக்க அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பழந்துணியும் சேர்த்து இறக்கினான். அந்தப் பழந்துணியை நினைத்தால் எனக்கு அழுகை வரும், எத்தனை நல்ல மனசு இருந்தால் அது தோன்றும். இப்படி ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர், பேர் தெரிந்தும் தெரியாமலும், கைமாற்றிக் கைமாற்றி, கடைசியில் இந்த டயர்கடை மாடிவரைக்கும், ஒரு பஸ் கண்டக்டர் பொம்பளைவரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நன்றி ஆண்டவரே, உண்மையாகவே நன்றி, இன்றைக்கு இதோடு மூடினாலும் நன்றி, இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எங்கள் அம்மா போன துக்கத்தை ஆற்றிக்கொண்டேன், இந்த ஜன்னல் பக்கம் நின்றுதான் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லி எல்லாரையும் அழ வைத்தேன். கீழே ஷட்டர் சத்தம். கடைக்காரர் பாதி இறக்கிவிட்டார், மீதியை நான் சாவி கொடுத்த பிறகு இறக்குவார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுக்குப் போகிறேன்.

கதவைத் திறந்தால் படிக்கட்டில் சாரல், என் வீட்டுக்காரர் சட்டை முதுகெல்லாம் நனைந்து, பேப்பரைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். ஐயோ, இவ்வளவு நனைஞ்சுட்டு ஒரு குரல் குடுக்கக் கூடாதா, கடைக்குள்ள போய் நின்னா என்ன என்று ஆரம்பித்தேன். அவர் என் கையில் இருக்கிற சாவியைப் பார்த்தார். "ஏன், இன்னும் ஆரம்பிக்கல?" என்றார். ஆள் இல்லைங்க, ஒருத்தரும் வரல, இன்னொரு ஆள் இல்லாம நடத்தக் கூடாது, குடுத்துட்டு வீட்டுக்குப் போலாம் வாங்க என்றேன், குரல் உடைந்துவிட்டது, அவர் முன்னால் இதற்காக ஒருநாளும் அழுததில்லை. பேப்பரை மடித்தார். பொறுமையாக, நனைந்த பேப்பரைக்கூட மூலை சேர்த்துத்தான் மடிப்பார்.

"அப்ப நான் ஆள் இல்லையா?"

உங்களுக்கு என்னங்க தெரியும் என்று இழுத்தேன். "ஆமென் சொல்லத் தெரியும். நீ ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தியே, அப்ப சொல்லியிருக்கேன்." என்ன சொல்கிறார் இவர்? நான் படுக்கையில் கிடந்தபோது ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று கேட்டால் சும்மா ஒரு ரவுண்டு போனேன் என்பார். கால் பழக்கத்தில் இங்கேதான் வந்திருக்கிறார், இதே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஊரெல்லாம் காய்ச்சலாம், பாஸ்டர் ஐயாகூட எழுந்திருக்கவில்லையாம், பாட்டு டீச்சர் மட்டும் வந்து கதவைத் திறந்து பார்த்து, தம்பி, கொஞ்சம் உள்ள வந்து ஆமென் சொல்லுங்க, நடத்திடறேன் என்றாராம். அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான் என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டே. டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆண்டவர் ஆள் அனுப்பினாரும்மா, நின்னுபோகல என்றதோடு சரி, நானும் யாரோ எவரோ நல்லா இருக்கட்டும் என்று நன்றி சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். ஏன் எங்கிட்ட சொல்லலை? "சொன்னா நீ விடுவியா? அன்னைக்கே மாலை போட்டு முன்வரிசையில உக்கார வச்சிருப்ப." வாஸ்தவம்தான். விட்டிருக்கவே மாட்டேன். நீங்க நம்புறீங்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது... கேட்கவில்லை. தினமும் பஸ் படியில் தொங்குகிற ஆளையெல்லாம் உள்ள வாங்க உள்ள வாங்க என்று தொண்டை கிழியக் கத்துகிறவள், அவர்களையும் வண்டியில்தான் எண்ணுகிறவள், இந்த மனுஷனை இத்தனை வருஷம் விட்டுவிட்டேனே!

உள்ளே வந்தார். செருப்பை வாசலில் விட்டார், கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்தார், நான் துடைத்த நாற்காலியை ஈரம் பண்ணிவிட்டார். மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, அண்ணே, கொஞ்சம் நேரம் ஆகும், நீங்க பூட்டிக்கங்க, சாவி இந்த வாரம் எங்ககிட்டயே இருக்கட்டும் என்று கத்தினேன், சரிம்மா, பாட்டுப் பாடுங்க, கேட்டுக்கிட்டே கட்டுறேன் என்றார் அவர் டயரைக் கட்டிக்கொண்டே. பாடினேன். வாசித்தேன். என் வீட்டுக்காரர் சேர்ந்து பாடவில்லை, ஆனால் எந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருக்கிறது. ஜெபத்துக்குக் கண்ணை மூடினேன். பாட்டு டீச்சர் கண்ணுக்காக, தையல்காரர் மகளுக்காக, பெரிய ஆலயத்துக்குப் போனவர்களுக்காக, முதல்முறையாக அழுத்தம் இல்லாமல் அவர்களுக்காக, டயர்கடைக்காரருக்காக, நன்றி, நன்றி, நன்றி என்று போய்க்கொண்டே இருந்தது, வாய் தன்னால் அடுத்த வரிக்கு வந்துவிட்டது, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே அறையில் சத்தமாக நான் சொல்கிற வரி, வாசலுக்கு வெளியே நிற்கிற ஆத்துமாவை உள்ளே கொண்டுவாரும், கண்களைத் திறந்தருளும் ஆண்டவரே என்று... கதவு ஒன்றும் கெட்டிக் கதவு இல்லை, பலகைக் கதவு, வாரா வாரம் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருப்பார், கேட்டுவிட்டு என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். வெளியே என்று நான் சொன்னது யாரை? கண்களைத் திறந்தருளும் என்று கேட்டது யாருக்கு? அந்த வரிக்குமேல் போக முடியாமல் நின்றுவிட்டேன், ஜெபம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போல, பின்வரிசையிலிருந்து, நிதானமாக, "ஆமென்" என்றார்.