சின்ன அடுப்பின் முணுமுணுப்பு

அன்று அடித்த குளிருக்கு, மாடிப்படிக் கைப்பிடியைத் தொட்டவர்கள் கையை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இரவுச் சமையல் நேரம். குளிர் நாளில் எங்கள் கட்டடத்தில் யார் வீட்டு அடுப்பில் என்ன ஏறும் என்பது எனக்கு மனப்பாடம். கீழ்வீட்டு டாக்சிக்காரர் பூண்டு வறுப்பார். முதல் மாடி கணக்கு டீச்சர் உருளைக்கிழங்கு சுடுவார். இரண்டாவது மாடியில் இரட்டைப் பிள்ளைகளுக்காகக் கோழி கொதிக்கும். வெங்காயப் பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் நின்று மூச்சை இழுத்து மோந்து பார்த்தேன். பூண்டும் இல்லை, கிழங்கும் இல்லை, கோழியும் இல்லை. ஊரே பட்டினி கிடக்கிறதோ என்று பயந்துபோனேன். மூன்றாவது மாடிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அடைத்திருந்தது என் மூக்கு.

சாதாரண மூக்கா அது? சோப்புத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் வாசனை பார்த்துச் சம்பளம் வாங்கிய மூக்கு. ரோஜா சோப்பில் ஒரு துளி எலுமிச்சை தவறி விழுந்தால், லீவு போட்டு வீட்டில் படுத்திருக்கும் நான் எழுந்து உட்காருவேன். அது அன்றைக்குப் பார்த்து ஜலதோஷத்தில் சிமெண்ட் பூசினாற்போல் கிடந்தது. அதை நம்பித்தான் என் மனைவியின் அடுப்பே இருந்தது.

விஷயம் இதுதான். இரண்டு மாதம் முன்பு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளுக்கு வாசனை தெரிகிற சக்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் வெளியே சொல்லவில்லை. போன வாரம் நான் கடைக்குப் போயிருந்தபோது, அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அது கருகிப் புகைந்து, எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. மூக்கு போன சேதியும் சேர்ந்து மகளுக்குப் போயிற்று. மகளுக்கு வேலை காப்பீட்டு நிறுவனத்தில். தீப்பிடித்த வீடுகளைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிறவள். விட்டுவிடுவாளா? இனி அடுப்பே வேண்டாம், இரண்டு வேளையும் கேரியரில் சாப்பாடு வரும் என்றாள். என் மனைவி ஒரே ஓர் இராத்திரி தவணை கேட்டாள். "நீ வந்து உக்காந்து பாரு. ஒரு தப்பு நடந்தாலும் லைட்டரை நீயே எடுத்துட்டுப் போ."

அந்த இராத்திரி வந்துவிட்டது. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. நான் சமையலறை முக்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார வேண்டும். ஒரு முறை செருமினால் தீயைக் குறைக்க வேண்டும், இரண்டு முறை செருமினால் இறக்கிவிட வேண்டும். ஜலதோஷக்காரன் செருமாமல் இருக்க முடியுமா? வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் பதினேழு முறை செருமிவிட்டேன். அந்தக் கணக்கில் பார்த்தால் சட்டியை மட்டுமல்ல, வீட்டையே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"உங்க மூக்கை நம்பியா நான் இத்தனை வருஷம் சமைச்சேன்? பேசாம உக்காருங்க."

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மகள் வந்ததும் வராததுமாக லைட்டரைக் கேட்டு வாங்கி, பெரிய அடுப்பையும் சின்ன அடுப்பையும் தானே பற்றவைத்துவிட்டு, லைட்டரைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். கோர்ட்டில் கத்தியைச் சாட்சியாக வைப்பார்களே, அப்படி. பிறகு சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

என் மனைவி டி.வி.யை அணைக்கச் சொன்னாள். என் மூக்கு என்ற ஊன்றுகோலையும் இழந்துவிட்டாள் என்று நான் நினைத்தவள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்கு வேறு கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. ஆனால் இதில் ஒரு சொட்டும் கூட்டவில்லை.

வெங்காயம் எண்ணெயில் விழுந்ததும் தகரக் கூரையில் மழை பெய்தது. அவள் காத்திருந்தாள். மழை தூறலாயிற்று, தூறல் கிசுகிசுப்பாயிற்று. அந்த இடத்தில் பூண்டைப் போட்டாள். எட்டிப் பார்த்தேன், பொன் நிறம். சூப்புக்கான பருப்பும் காரட்டும் பெரிய அடுப்பில் தளதளவென்று வாயாடிக்கொண்டிருந்தன. அவள் பாட்டுக்குக் கிழங்கைத் தோலுரித்தாள். சட்டியின் பேச்சு கனத்து, ஒரு குமிழிக்கும் அடுத்த குமிழிக்கும் நடுவில் இடைவெளி விழுந்ததும், திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டித் தீயைக் குறைத்தாள். மின்சார ஓவனில் இருந்த ரொட்டியை விரல் முட்டியால் தட்டிக் கேட்டு, இன்னும் இரண்டு நிமிஷம் என்றாள். முப்பத்தாறு வருஷம் நான் மூக்கால் பிழைத்தேன். என் பக்கத்திலேயே ஒருத்தி காதால் சமைத்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

சூப்பைச் சின்ன அடுப்புக்கு மாற்றி, தீயை மொட்டளவுக்கு வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். பல் டாக்டரான மாப்பிள்ளை நான்கு கிண்ணம் குடித்தார். கிண்ணத்தையும் கடித்துப் பார்த்திருப்பார், பல் செலவுக்குப் பயந்து விட்டுவிட்டார். மகள் உப்பு பார்த்தாள், காரம் பார்த்தாள், அடிப்பிடித்த வாசனைக்காகக் கரண்டியை மோந்தும் பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை.

அங்கேதான் நான் என் திருவிளையாடலைக் காட்டினேன். தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனவன், குளிர்காற்று பட்டால் மூக்கு திறக்குமோ என்று அடுப்புக்கு நேரே இருந்த ஜன்னலை ஒரு சாண் திறந்து பார்த்தேன். மூக்கு திறக்கவில்லை. ஜன்னலை மூட மறந்து, விளக்கை மட்டும் மறக்காமல் அணைத்துவிட்டு, செம்போடு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை ஒரு நோயாளியைப் பற்றி ஏதோ சொல்ல, நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். சிரிப்பின் நடுவில் என் மனைவி கையைத் தூக்கினாள்.

"சின்ன அடுப்பு பேச்சை நிறுத்திடுச்சு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் விஷயம். சின்ன அடுப்புக்கு ஒரு முணுமுணுப்பு உண்டாம், அது நின்றுவிட்டதாம். நான் இதை யோசித்துக்கொண்டிருக்கையில் அவள் நாற்காலியில் இல்லை. பின்னாலேயே மகள் ஓடினாள். சமையலறை வாசலை மிதித்த பிறகுதான் மகளுக்குக் கேஸ் நாற்றம் தட்டியது. அவளுடைய இளம் மூக்கு போய்ச் சேர்ந்தபோது, அம்மாவின் காது குமிழைத் திருகி மூடியிருந்தது. இருட்டாக இருக்கிறதே என்று விளக்கைப் போடப்போன என்னை என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள்.

"சுவிட்சுல கை வைக்காதீங்க."

சிலிண்டரையும் மூடினாள். ஜன்னலை அகலத் திறந்தாள். நாங்கள் நால்வரும் கூடத்தில் போர்வைக்குள் சுருண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பல் டாக்டரின் பற்களே தந்தி அடித்தன. ஜன்னலைத் திறந்து, காற்றில் தீயை அணையவிட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். மகள் என்னைத் திட்டவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருகிய சுவர்களைத் தினம் பார்க்கிற கண்கள் அவை. அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை.

"எப்படிம்மா கேட்டுது? நாங்க அவ்வளவு சத்தம் போட்டுட்டு இருந்தோமே."

"நீ தொட்டில்ல இருந்தப்ப, பக்கத்து ரூம்ல உன் மூச்சு மாறினா எனக்குத் தெரியும். அந்தக் காதுதான் இது."

 அப்படியானால் பால் மட்டும் எப்படிக் கருகியது என்று கேட்டாள் மகள். குளியலறையில் தண்ணீர் திறந்திருந்ததில் சத்தம் காதுக்கு எட்டவில்லை, அது தன் தப்புதான், இனி அடுப்பு எரியும்போது சமையலறையை விட்டுத் தூரமாகப் போவதில்லை என்றாள் அம்மா. கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றை வாங்கி மாட்டியே தீருவேன் என்றாள் மகள்.

"மாட்டு. அது என்னை முந்துதான்னு பாப்போம்."

மகள் எழுந்து சமையலறைக்குப் போய், ஆழமாக மூச்சிழுத்து மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை என்று உறுதியானதும் மேஜைக்கு வந்து லைட்டரை எடுத்தாள். கைப்பையில் போட்டுக்கொள்வாள் என்று நான் மூச்சைப் பிடித்தேன். அடைத்த மூக்கோடு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

அவள் அதை அம்மாவிடம் நீட்டினாள்.

"சூப்பு ஆறிப்போச்சும்மா. சூடு பண்ணு."

என் மனைவி பற்றவைத்தாள். மொட்டு நீலமாக மலர்ந்தது. சின்ன அடுப்பு முணுமுணுக்கத் தொடங்கியது. நாங்கள் நான்கு பேரும் மூச்சு விடாமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.