ஊக்குப் போட்ட செருப்புகள்

வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோய், உள்ளூர் மட்டச் சரக்கே கடைக்கு வந்த காலம் அது. பலாபத்வலயில் செருப்புக் கடை வைத்திருந்த யாகூபுக்கு வெள்ளிக்கிழமை என்றாலே பயம். பள்ளிவாசல் படியில் கழற்றிக் கிடக்கும் ரப்பர் செருப்புகளில் பாதி அவர் விற்றவை. ஒரு மாதம் தாண்டாமல் வார் அறுந்து, அத்தனையும் ஊக்கு குத்திக்கொண்டு கிடக்கும்.

இந்த வெள்ளி இன்னும் மோசம். மகள் றஸ்மியாவின் கலியாணத்தைப் பேசி முடிக்க, மாப்பிள்ளையின் வாப்பா இத்ரூஸ் ரத்தோட்டையிலிருந்து வந்திருந்தார். தொழுதுவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. போன முறை அவர் வந்தபோது, "ஒரு வருஷம் உழைக்கும், நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லி யாகூபே ஒரு ஜோடியை அவர் தலையில் கட்டியிருந்தார். அந்த ஜோடியிலும் இன்று ஊக்கு.

குத்பாப் பிரசங்கத்தில் ஒரு சொல்கூட யாகூபின் காதில் ஏறவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததுதான் தாமதம், பின்னால் தொழும் சுன்னத்துத் தொழுகையைக்கூட விட்டுவிட்டு வெளியே ஓடினார். எதிரே இருந்த தன் கடையைத் திறந்து, புது ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து இத்ரூஸின் செருப்பு கிடந்த இடத்தில் வைத்துவிட்டு, பழையதைக் கடைக்குள் வீசினார். மனுஷன் பேசாமல் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்று நினைத்தாரே, அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது!

இத்ரூஸ் வந்தார், பார்த்தார், நீட்டிய காலை இழுத்துக்கொண்டார்.

"இது என்ட இல்ல. மத்தவங்கட சாமான்ல நான் கால் வைக்கமாட்டேன்."

வெயிலில் வெறுங்காலோடு நின்று ஒவ்வொருவராக விசாரித்தார். ஊக்குச் செருப்புக்காரர்கள் கூடிவிட்டார்கள். செருப்புக் கள்ளன் வந்திருக்கிறான் என்றார் ஒருவர்.

யாகூபுக்கு வேறு வழியில்லை. "நான்தான் வெச்சேன், நானா. போட்டுக்கொங்க."

"இது எவ்வளவு நாளைக்கு உழைக்கும்?"

பள்ளி முற்றத்தில் நின்று பொய் சொல்ல வாய் வரவில்லை. "அதே சாமான்தான். ஒரு மாசம் போனாப் பெரிசு."

"அன்னைக்கு ஏன் இதச் சொல்லல்ல?"

"சொன்னா யாரு வாங்குவாங்க?"

இத்ரூஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது யாகூப் சமாளித்திருப்பார்.

"மகளப் பத்தியும் நிறைய நல்லது சொன்னீங்க" என்றார் இத்ரூஸ் மெதுவாக.

"என்ட மகள் தங்கம்! அல்லாஹ் மேல ஆணை, அது மெய்!"

யாகூப் கத்தினார். அதைவிடச் சுத்தமான மெய்யை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. சுற்றி நின்ற ஒருவர் முகத்திலும் அதை நம்பியதாகத் தெரியவில்லை. இத்ரூஸ் அதற்குள் பஸ் தரிப்பிடத்தை நோக்கி வெறுங்காலோடு நடக்கத் தொடங்கியிருந்தார்.