அறுபத்தொரு நாள்கள்

குழித்துறைக்கு அருகிலுள்ள கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில் பெபிஷா கௌரவ விரிவுரையாளர். சொந்த ஊர் குளச்சல். நான்கு ஆண்டுகளாகப் பகுதிநேரமாகச் செய்த முனைவர் பட்ட ஆய்வேட்டைத் திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கையில், சிறு வள்ளங்களுக்குக் கிடைக்கும் சாளை, அதாவது மத்தி மீன், எதைத் தின்று எவ்வளவு வளர்கிறது என்பதே ஆய்வுப்பொருள். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இதனை எவரும் ஆராய்ந்ததில்லை என்று முன்னுரையில் எழுதியிருந்தாள். மற்ற இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் அந்த ஒரு வரியின் மேல்தான் நின்றன.

வெள்ளிக்கிழமை காலை நெறியாளர் ஏட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு குறை சொன்னார். மேற்கோள் பட்டியலின் கடைசிக் கட்டுரை வெளிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குப் பின் உலகம் சும்மாவா இருந்தது?

சும்மா இருக்கவில்லை என்பது பெபிஷாவுக்குத் தெரியும். ஆய்வைத் தொடங்கியபோதே நூலகர் குமாரதாஸ் அவளுடைய மின்னஞ்சலுக்குக் கூகுள் ஸ்காலர் அலர்ட் வைத்துக் கொடுத்திருந்தார். புதிய கட்டுரை எங்கே வெளிவந்தாலும் அது தேடிக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போகும். பெபிஷா தேடுசொல்லாகச் சாளையின் ஆங்கிலப் பெயரை மட்டும் கொடுத்தாள். போர்ச்சுக்கல்லின் டப்பா மீன் முதல் பூனைத் தீவனம் வரை எல்லாம் வந்து குவிந்தன. இரண்டே வாரத்தில் சலித்துப்போய், வரும் அலர்ட்டெல்லாம் ஒரு தனிக் கோப்புறைக்குள் விழுமாறு செய்து, அதற்குப் ‘பிறகு’ என்று பெயரிட்டாள். அந்தப் பிறகு வரவேயில்லை.

இப்போது அதில் எண்ணூற்றுப் பதினான்கு கடிதங்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. நூலகக் கணினியின் முன் உட்கார்ந்து, அதே துறையில் ஆய்வு செய்யும் தோழி நந்தனாவையும் துணைக்கு இருத்திக்கொண்டாள்.

“ஏட்டி, இது மெயிலா, மீன் சந்தையா? இங்க வரைக்கும் நாறுகு,” என்றாள் நந்தனா.

“பேசாம இரி. தலைப்ப மட்டும் பாரு.”

பதினொன்றாம் கடிதத்தில் நந்தனா பேச்சை நிறுத்தினாள். “பெபி, இதப் பாத்தியா?”

பத்தொன்பது நாள்களுக்கு முன் வந்த அலர்ட். சென்னை ஆய்வாளர் இருவரின் கட்டுரை. சுருக்கம் மட்டும் திறந்திருந்தது: கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை; அறுபத்தொரு நாள் தடைக்காலம்; வள்ளங்களில் கிடைத்த சாளையின் உணவும் வளர்ச்சியும். முழுக் கட்டுரை, சந்தா கட்டாதவர்களுக்குப் பூட்டப்பட்டிருந்தது.

பெபிஷா அதை இருமுறை வாசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“கடல் நம்மது, வள்ளம் நம்மது, சாளையும் நம்மது. இனி எனக்க பேரு மட்டுந்தான் மிச்சம்.”

“முன்னுரையில அந்த வரிய எடுத்திரு மக்கா.”

“எடுத்தா, அப்பறம் புதுசா என்ன கண்டுபிடிச்சேன்னு கேப்பாங்கல்ல? என்ன சொல்லுகது?”

புத்தக அடுக்குக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த குமாரதாஸ் வந்து திரையைப் பார்த்தார்.

“டீச்சரே, கதவு பூட்டிக் கெடந்தா வீட்டுக்காரங்கள விளிச்சுக் கேக்கணும். எழுதினவங்களுக்கு ஒரு மெயில் போடுங்க.”

“குடுப்பாங்களா சார்?”

“அவங்க எழுதினத வாசிக்க ஒருத்தர் கேக்கதே அவங்களுக்குப் பெருநாள் மாதிரி. பேடிக்காம கேளுங்க.”

நான்கு வரிக் கடிதத்துக்கு அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. “பிஷப்புக்கா எழுதுக?” என்று நந்தனா இரண்டு முறை கேட்டாள். அனுப்பிவிட்டு, இரண்டாமாண்டு மாணவருக்குத் தவளையின் இதயத்தை நடத்தச் சென்றாள் பெபிஷா. அதற்கு மூன்று அறைகள் என்று சொல்லிவிட்டுப் பலகையில் நான்கு வரைந்தாள். மாணவர் யாரும் திருத்தவில்லை.

திரும்பி வந்தபோது பதில் வந்திருந்தது, முழுக் கட்டுரையுடன். கடிதத்தை விட்டுவிட்டுக் கட்டுரையைத் திறந்தாள். மூன்றாம் பக்கத்தில் மாதிரி எடுத்த இடமும் நாளும் இருந்தன: சின்னமுட்டம், ஏப்ரல் பதினைந்து முதல் ஜூன் பதினான்கு வரை.

அவள் விரல் அந்த வரியின் கீழேயே நின்றது.

“என்னட்டி?” என்றாள் நந்தனா.

“சின்னமுட்டம் கிழக்குக் கடல். அங்க தடை ஏப்ரல்ல தொடங்கி ஜூன் பாதியில முடிஞ்சிரும். குளச்சல் மேக்குக் கடல். எங்களுக்கு ஜூன் ஒண்ணுல இருந்து ஜூலை கடைசி வரைக்கும். நான் மீன் எடுத்தது பூரா அப்பந்தான்.”

“ரெண்டும் அறுபத்தொரு நாளா?”

“ரெண்டும் அறுபத்தொரு நாளுதான்.”

குமரி முனையில் கடல் பிரிவதுபோல் அரசாணையும் பிரிகிறது. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலங்கள். சின்னமுட்டத்தின் தடை பெரும்பாலும் கோடையில் கழிகிறது. குளச்சலின் தடை முழுவதும் தென்மேற்குப் பருவமழையில் கழிகிறது. மழையில் கடலின் கலக்கம் வேறு, இரை வேறு, மீன் வேறு.

“குளச்சல்காரி, ஒனக்கு இது தெரியாதா?”

“தெரியும். ஆனா எங்க வீட்டுல தடைன்னா மழைதான். அறுபத்தொண்ணுன்னு வாசிச்சதும் வேற தடை ஒண்ணு இருக்கதே ஓர்மை வரல்ல.”

கட்டுரையின் முடிவுரையில், மேற்குக் கரையின் நிலைமை வேறாக இருக்கக்கூடும் என்றும் அதற்கான தரவுகள் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். பெபிஷா அதனைச் சத்தமாக வாசித்தாள். நாற்காலியில் சாய்ந்தபோதுதான், காலையிலிருந்து தோள்கள் இரண்டையும் காதுவரை தூக்கி வைத்திருந்தது அவளுக்கே தெரிந்தது. கூடவே பசியும் தெரிந்தது. மணி இரண்டே முக்கால்.

“அப்பம் முன்னுரையில அந்த வரி நிக்குமா டீச்சரே?” என்றார் குமாரதாஸ்.

“இருக்கபடி நிக்காது சார். மாவட்டத்த எடுத்துட்டு மேற்குக் கரைன்னு போடணும். இவங்க கட்டுரைக்கு ரெண்டாம் இயல்ல ஒரு பத்தி எழுதிருகேன்.”

“இனியாவது அலர்ட்டத் தொறந்து பாருங்க.”

“பாக்குகேன். மொதல்ல அந்தப் பூனைத் தீவனத்த நிறுத்தித் தாங்க.”

அவர் தேடுசொல்லோடு தடைக்காலத்தையும் நாட்டையும் சேர்த்துக் கொடுத்தார். இனி மாதத்துக்கு இரண்டு கடிதங்கள் வந்தால் அதிகம் என்றார். நந்தனா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, பாதி மரச்சீனிக் கிழங்கையும் மீன் கறியையும் மூடியில் எடுத்துவைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

தின்றுகொண்டே பெபிஷா, முதலில் படிக்காமல் விட்ட கடிதத்தைப் படித்தாள். சென்னைக்காரர் கட்டுரையை அனுப்பியதோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: தாங்கள் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்றால், மேற்குக் கரையின் ஜூன், ஜூலை மாதத் தரவுகள் யாரிடமேனும் உள்ளனவா?

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்தக் கடிதத்துக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

‘உள்ளன. திங்கட்கிழமைக்குப் பிறகு பேசலாம்.’