பச்சை ரிப்பன்

லாப்ரடாரின் காதுக்குள் பஞ்சை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது அண்ணியின் வலது கையைக் கவ்வியது. உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை, முன்கூட்டி ஒரு சாடைகூட இல்லை. பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சதைக்குள் பல் இறங்கியது, இறங்கிய வேகத்திலேயே வெளியே வந்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. வலியைவிட அவமானம்தான் அவளுக்கு முதலில் வந்தது. அந்த நாயின் கழுத்தில், காலையில் அவளே கட்டிவிட்ட பச்சை ரிப்பன் இருந்தது.

அண்ணி என்று அவளைக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவள் நாத்தனார். ஆனால் கடைக்கு வருகிறவர்களும் அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. வாடகை வீட்டின் முன்னறைதான் கடை. நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் வெட்டி, காது துடைத்து அனுப்புவாள். வாசலில் நுழையும்போதே ஒவ்வொரு நாயின் கழுத்திலும் ஒரு ரிப்பன் ஏறிவிடும். சிவப்பு என்றால் வாய்ப்பூட்டு மாட்டாமல் யாரும் தொடக் கூடாது. பச்சை என்றால் பூட்டு வேண்டாம். எந்த ஜாதி நாய்க்கு எந்த நிறம் என்று அவளே எழுதி, படம் வெட்டி ஒட்டி, சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்தாள். ராட்வைலரும் டாபர்மேனும் ஜெர்மன் ஷெப்பர்டும் சிவப்பில் இருந்தன. லாப்ரடாரும் பொமரேனியனும் பக்கும் பச்சையில் இருந்தன. "நாயோட குணத்தையெல்லாம் நீங்க சொல்லவே வேணாம், என்ன ஜாதின்னு மட்டும் சொல்லுங்க, மீதிய நான் சொல்றேன்" என்பாள். நாய் வாங்கப் போகிறவர்கள் அந்த அட்டையை போனில் படம் எடுத்துக்கொண்டு போவதும் உண்டு.

லாப்ரடாரை இடது கையால் கூண்டுக்குள் தள்ளி மூடிவிட்டு, குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். தொட்டியில் தண்ணீர் ரோஜா நிறத்தில் சுற்றிக்கொண்டு போயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் புருஷன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சத்தம் கேட்டாலும் எங்கே பழுது என்று உடனே முடிவு கட்டிப் பழகியவன். ரத்தத்தைப் பார்த்தான், கொல்லைப்புறக் கதவைப் பார்த்தான்.

"கரியனா?" என்றான்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்துக்குள் அவள் மனதில் என்னென்னவோ ஓடியது. கூண்டில் வாலாட்டிக்கொண்டிருந்த லாப்ரடார் மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவுடையது. அந்தம்மா முகம் சுளித்தால் கடையும் போகும், வீடும் போகும். சுவரில் அந்த அட்டை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளறையில் நாத்தனாரின் சூட்கேஸ் இருந்தது. புருஷனோடு ஒத்துவராமல், ஒரு சூட்கேஸையும் கரியன் என்ற ராட்வைலரையும் இழுத்துக்கொண்டு அவள் இந்த வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆகிவிட்டன. போகிற வழியைக் காணோம்.

"ஆமாங்க" என்றாள் அண்ணி.

புருஷன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் பாய்ந்தான். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போகும் முன் லாப்ரடாரை மாடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொன்னாள். அது படியேறும்போது அவன் விரலை நக்கிக்கொண்டே போனது. பச்சை ரிப்பன் கட்டிய நாயை யார் ஏறிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளவயதுக்காரர், பேச்சில் சிக்கனம். காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, மற்ற ஊசிகளுக்கு எப்போது வர வேண்டும் என்று சொன்னார். பிறகு, "கடிச்சது வீட்டு நாயா?" என்றார்.

"வீட்டு நாய்தான் சார். ராட்வைலர்" என்றான் புருஷன், அந்தப் பெயரே ஒரு சாட்சி என்பதுபோல.

"சரி. அத பத்து நாள் கண்ணு முன்னாடியே வெச்சிருங்க. யாருக்கும் குடுத்துறாதீங்க, எங்கயும் கொண்டு விட்டுறாதீங்க. சாப்பிடுதா, குரைக்குதா, நடை மாறுதான்னு தினமும் பாக்கணும். ஏதாச்சும் வித்தியாசமா இருந்தா ஓடி வந்துருங்க."

இன்றைக்கே அந்தக் கரிய சனியனைத் துரத்திவிடலாம் என்று கணக்குப் போட்ட அண்ணிக்கு, அது இன்னும் பத்து நாள் சட்டப்படி விருந்தாளி. அதைவிட, கண் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டிய நாய் மாடியில் இருந்தது. டாக்டரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். புருஷன் பக்கத்தில் நின்று அவள் தோளைத் தடவிக்கொண்டிருந்தான். இவ்வளவு அன்பாக அவன் தடவி வெகுகாலம் ஆகியிருந்தது. எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. கரியன் காலையிலிருந்து வாய்ப்பூட்டோடு இருந்தான். நாத்தனார் மருந்துக்கடை வேலைக்குப் போகும்போது நாய்க்குப் பூட்டு மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும், அவள் வந்துதான் கழற்ற வேண்டும் என்பது அண்ணி போட்ட சட்டம். அதற்காக எத்தனை சண்டை! அந்தச் சட்டத்தைப் போட்டவளுக்கே அது மறந்துபோய்விட்டது. வண்டியின் பின்னால் உட்கார்ந்து தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தாள்.

நாத்தனார் அவர்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். புருஷன் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் கரியனின் தலை, கையில் கழற்றிய பூட்டு. அழவில்லை. அழுதிருந்தால் அண்ணிக்குச் சமாளிக்க எளிதாக இருந்திருக்கும்.

"இது அவன் வாயிலதான் இருந்துச்சு, அண்ணி."

"தண்ணி வெக்கக் கழட்டினேன்."

"நீங்க? அவனுக்கு? தண்ணி?" நாத்தனார் ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டாள். "சரி, வெச்சீங்க. கடிச்சிட்டான். அப்புறம், ரத்தம் ஒழுகுற கையால, கடிச்ச நாயோட வாயிலயே மறுபடியும் பூட்ட மாட்டிட்டுப் போனீங்களா?"

"நான் என்ன, உன்கிட்ட கணக்கு ஒப்பிக்கணுமா? கை போயிருக்கும்டி எனக்கு! தொழிலே கைதான்!"

"விடும்மா" என்றான் புருஷன் தங்கையிடம். "அண்ணியே வலியில இருக்கா. இப்ப போய்க் குறுக்கு விசாரணை பண்ணிக்கிட்டு. பத்து நாள் முடியட்டும். காவலுக்கு நாய் வாங்குற ஆள் ஒருத்தர எனக்குத் தெரியும், வரச் சொல்றேன். அந்த ஜாதியே அப்படித்தான், என்ன பண்றது?"

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு எண்ணெயில் விழுந்த கடுகாகத்தான் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு சத்தத்தோடு வைக்கப்பட்டது, சத்தத்தோடு எடுக்கப்பட்டது. குளியலறைக் கதவு தேவைக்கு மேல் அறைந்து மூடப்பட்டது. கரியன் குட்டைச் சங்கிலியில், இரவும் பகலும் பூட்டோடு, கொல்லையில் கிடந்தான். புருஷன் காலையும் மாலையும் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கான்" என்று வருத்தத்தோடு அறிக்கை கொடுப்பான். எல்லோரும் கரியனைப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணி மட்டும் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கண் விழித்ததும் மாடியில் லாப்ரடாரின் நகம் தரையில் கீறும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள். குரைப்பு கேட்டால்தான் எழுந்திருப்பாள். ஊசி தவறாமல் போட்டுக்கொண்டாள்தான். இருந்தாலும் பயம் யார் சொல்லிக் கேட்கிறது? ஒருநாள் குரைப்பே கேட்கவில்லை. பாதி வாரிய தலையோடு மாடிக்கு ஓடி, "செல்லம் எங்க, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டாள். "வாக்கிங் போயிருக்கு. உனக்குத்தான் அதுமேல எவ்வளவு பாசம்!" என்று வீட்டுக்காரம்மா உருகிப்போனாள்.

உருகியவள் அதோடு விடவில்லை. மறுநாள் லாப்ரடாரையும் பிடித்துக்கொண்டு நலம் விசாரிக்கக் கீழே வந்துவிட்டாள். நாத்தனாருக்கு அன்று விடுமுறை. கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பேப்பர்ல தினமும் போடுறானே, அந்த மாதிரி நாயெல்லாம் வீட்ல வெக்கலாமா?" என்றாள் வீட்டுக்காரம்மா, நாத்தனார் காதில் விழட்டும் என்றே. "ரத்தத்துலயே ஊறினது. எங்க செல்லத்தப் பாரு, ஒரு எறும்பக்கூட மிதிக்காது. உங்க அட்டையப் பாத்துட்டுத்தான் எங்க அக்காவும் இதே ஜாதில ஒண்ணு வாங்கியிருக்கா."

"எங்க அண்ணி கைல இருக்குற தழும்பையெல்லாம் கேளுங்கம்மா" என்றாள் நாத்தனார் சாவகாசமாக. "அது பொமரேனியன், இது பக், முழங்கைகிட்ட இருக்குறது ஏதோ ஒரு குட்டைக்கால் நாய். எல்லாம் பச்சை. சிவப்பு ஒண்ணுகூட இல்ல."

"சிவப்புக்கெல்லாம் பூட்டு மாட்டுறேன், எப்படிக் கடிக்கும்?" அண்ணி சீறினாள். "பொமரேனியன் கடிச்சா பிளாஸ்திரி. உன்னோடது கடிச்சா தையல். குழந்தையா இருந்தா என்ன ஆகும்? அதுக்குத்தான் அட்டை. தெரியாம பேசாத."

அந்த நியாயம் உண்மையான நியாயம். அதை அவள் உளமார நம்பினாள். அவள் சொன்ன பொய்க்குப் பக்கத்தில் அந்த உண்மை நின்றதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை. அதற்குள் லாப்ரடார் கட்டுப்போட்ட கையின் மருந்து வாசனைக்கு மூக்கை நீட்டியது. அண்ணி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். நாற்காலி சுவரில் இடித்தது, அட்டை கோணலாகியது.

வீட்டுக்காரம்மா எதையும் கவனிக்கவில்லை. நாத்தனார் கவனித்தாள். நாயைப் பார்த்தாள், கையிலிருந்த கட்டைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அவள் உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"ஏன் அண்ணி பயப்படுறீங்க? அது பச்சைதானே."

அன்று அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அண்ணியை அரித்தது. வெளிப்படையாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அந்த வாய்ப்பைக் கூடக் கொடுக்காமல், நாத்தனார் வேலைக்குப் போனாள், வந்தாள், கரியனுக்குச் சாப்பாடு வைத்தாள், தன் துணிகளை மடித்து மடித்து சூட்கேஸில் வைத்தாள். போகட்டும், ஒழியட்டும் என்று அண்ணி பல்லைக் கடித்தாள். இந்த வீட்டில் தனக்கென்று ஒரு அறை வேண்டும் என்று ஆசைப்பட்டது அவ்வளவு பெரிய பாவமா? உன் தங்கச்சி போகணும் என்று புருஷனிடம் எந்த மனைவியாலும் சொல்ல முடியாது. உன் தங்கச்சியோட நாய் போகணும் என்று சொல்லலாம். நாய் போனால் அவளும் போய்விடுவாள் என்பது அண்ணிக்குத் தெரியும், அவள் புருஷனுக்கும் தெரியும்.

பத்து நாளும் முடிந்தது. மாடியில் லாப்ரடார் நன்றாகவே குரைத்தது. கொல்லையில் கரியனும் நன்றாகவே இருந்தான். காலையிலேயே காவல் நாய் வாங்குகிறவர் கம்பி போட்ட வண்டியோடு வந்து நின்றார். தடித்த மனிதர். கரியனைச் சுற்றி வந்து, பிட்டத்தில் தட்டிப் பார்த்து, "கடிக்கும்ல?" என்று ஆசையோடு கேட்டார். "கடிக்கிறதுதான் எனக்கு வேணும். வாசல்ல ராத்திரி பகல்னு பாக்காம கட்டியே போட்டிருப்பேன், ஆள் பக்கம் விட மாட்டேன்."

"கடிக்கும்" என்றான் புருஷன், யார் முகத்தையும் பார்க்காமல்.

நாத்தனார் வந்தாள். குனிந்து கரியனின் வாய்ப்பூட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். புருஷன், "ஏய், என்ன பண்ற?" என்று ஒரு அடி முன்னால் வந்தான்.

"நில்லுண்ணா. ஒரே ஒரு நிமிஷம்." குரல் உயரவில்லை. "அண்ணி, இங்க வாங்க. அந்தக் கைய நீட்டுங்க. அன்னிக்குத் தண்ணி வெச்சீங்களே, அதே மாதிரி."

"உனக்கென்ன பைத்தியமா?"

"கடிச்சான்னா நானே ஏத்தி விடுறேன். அவனையும் ஏத்திட்டு, நானும் இன்னிக்கே போயிடுறேன். உங்க வீடு உங்களுக்கு. கடிக்கலைன்னா, யார் கடிச்சதுன்னு எங்க அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

காவல் நாய்க்காரர் வேடிக்கை பார்க்கத் தோதாக வண்டியில் சாய்ந்துகொண்டார். புருஷன் வேண்டாம் என்று சொல்வான் என்று அண்ணி எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பழுதான லிஃப்டின் கதவில் காதை வைத்துக் கேட்கும்போது அவன் முகம் அப்படித்தான் இருக்கும். போகாமல் நின்றால் அதுவே பதிலாகிவிடும் என்று அவளுக்குப் புரிந்தது.

போனாள். கரியனுக்கு முன்னால் மண்டியிட்டாள். இவ்வளவு அருகில் அந்தத் தலையை அவள் பார்த்ததே இல்லை. நாளெல்லாம் பூட்டு அழுத்தி அழுத்தி மூக்கின் மேல் முடி உதிர்ந்து, தோல் சிவந்திருந்தது. சங்கிலி உரசிய கழுத்தில் ஈரம். இந்தப் பத்து நாளில் நாத்தனாரைத் தவிர இவனை யாரும் சும்மா தொட்டதில்லை. கடிக்க இவனுக்கு இப்போது காரணம் இருக்கிறது என்று நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. கையை நீட்டினாள். கடிடா, என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். உனக்குக் கோடிப் புண்ணியம், ஒரே ஒரு தடவை கடிச்சுடுடா.

கரியன் கையின் கட்டை மோந்து பார்த்தான். சூடான மூச்சு விரல்களின் மேல் பட்டது. வாய் திறந்தது, அந்தப் பெரிய பற்கள் தெரிந்தன. அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பின்னால் எங்கேயோ, சிமெண்ட் தரையில், தட் தட் என்று வால் அடிக்கத் தொடங்கியது. கனமான தாடையை அவள் உள்ளங்கையில் மெல்ல இறக்கி வைத்துவிட்டு, அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான். அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, கையை எடுக்கவும் முடியாமல், திரும்பிப் பார்க்கவும் முடியாமல், அவள் அங்கேயே மண்டியிட்டிருந்தாள்.